மார்த்தா கிளப் மாறினாரா, கிளப்புகள் மறைந்தனவா?

பிரேசிலின் கால்பந்து வீராங்கனை மார்த்தாவைப் பற்றி யார் எழுதினாலும் மூன்று நாடுகள், பத்து கிளப்புகள் என்று ஒரு கணக்கு வந்துவிடும். கூடவே, புதுப்புது சவால்களைத் தேடிப் போனவர் என்று ஒரு பாராட்டு. அந்தப் பாராட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பாதி நேரம் அவர் சவாலைத் தேடிப் போகவே இல்லை. இருந்த இடத்தை இழுத்து மூடிவிட்டார்கள், வேறு வழியில்லாமல் அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டினார்.

வரிசையாகப் பாருங்கள். ரியோவின் வாஸ்கோ ட காமா பெண்கள் அணியைக் கலைத்தது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் சோல் அணி காணாமல் போனது. கோல்டு பிரைடு, கோப்பை வென்ற கையோடு மூடப்பட்டது. வெஸ்டர்ன் நியூயார்க் ஃப்ளாஷ் ஆடிக்கொண்டிருந்த லீக்கே படுத்துவிட்டது. பிரேசிலின் சாந்தோஸ் பெண்கள் அணியை நிறுத்தியது. ஸ்வீடனின் தைரெசோ கடனில் மூழ்கியது. இதெல்லாம் யாரோ மூன்றாம் தர ஆட்டக்காரிக்கு நடந்ததல்ல. 2006 முதல் 2010 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக ஃபிஃபாவின் உலகச் சிறந்த வீராங்கனை விருதை வாங்கியவருக்கு நடந்தது. (ஆறாவது 2018இல் வந்தது.) 2009 டிசம்பரில் விருது, 2010 ஜனவரியில் கிளப் இல்லை. மெஸ்ஸி, சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருதை வாங்கிய அடுத்த மாதம் பார்சிலோனாவையே மூடிவிட்டார்கள் என்று செய்தி வந்தால் நாம் என்ன ஆட்டம் ஆடியிருப்போம்! மார்த்தா விஷயத்தில் அது விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் நாலு வரி.

பிரேசிலில் பெண்கள் கால்பந்து ஆடுவது சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்தது என்பது இன்னும் பலருக்குத் தெரியாது. 1941இல் அதிபர் வார்காஸ் ஆட்சி போட்ட ஆணை, பெண்களின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளைத் தடை செய்தது. 1979 வரை அந்தத் தடை நீடித்தது. முறையான விதிகள் வகுக்கப்பட்டது 1983இல். மார்த்தா பிறந்தது 1986. அதாவது பீலே, கரிஞ்சா, சீக்கோ என்று உலகமே கொண்டாடிய அந்த நாட்டில், மார்த்தாவின் தாய் தலைமுறைப் பெண்கள் பந்தைத் தொட்டிருந்தால் அது குற்றம். “பெண்கள் ஆட்டத்துக்குப் பாரம்பரியம் இல்லை, அதனால் கூட்டம் வராது” என்று பேசுபவர்கள் முதலில் இந்த 38 வருடக் கணக்கைத் தீர்த்துவிட்டு வரட்டும்.

அவர் ஊர் வடகிழக்கு பிரேசிலில், அலகோவாஸ் மாநிலத்தில் இருக்கும் தோய்ஸ் ரியாஷோஸ். வறண்ட பூமி. அம்மா வேலைக்குப் போய்த்தான் குடும்பம் நடந்தது, அப்பா சின்ன வயதிலேயே விட்டுப் போய்விட்டார். தெருவில் பையன்களோடு ஆடினார், அண்ணன்மார்களுக்கு அது பிடிக்கவில்லை. பதினான்கு வயதில் பேருந்து ஏறி மூன்று நாள் பயணம் செய்து ரியோவில் வாஸ்கோ அணித் தேர்வுக்குப் போய் நின்றார். எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் போல ஓடியது. பிறகு வாஸ்கோவுக்குப் பெண்கள் அணி தேவைப்படவில்லை. அங்கிருந்து மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தின் சாண்டா குரூஸ். கவனியுங்கள், வெளிநாடே போகும் முன்பு, பதினெட்டு வயது நிறையும் முன்பே முதல் கிளப் போயாயிற்று.

2004இல் ஸ்வீடனின் உமெயோ அழைத்தது. ஸ்டாக்ஹோமிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் ஊர். மார்த்தா வளர்ந்த வெயிலுக்கும் அந்தப் பனிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. மொழி தெரியாது, ஆள் தெரியாது. ஆனால் போய்ச் சேர்ந்த வருடமே யூஃபா மகளிர் கோப்பை, அதாவது ஐரோப்பிய கிளப்புகளுக்கான கோப்பை. இறுதியில் ஃபிராங்க்ஃபர்ட்டை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 8-0 என்று துவைத்து எடுத்தார்கள். அதன்பின் 2005 முதல் 2008 வரை நான்கு லீக் பட்டங்கள் வரிசையாக. இடது காலில் பந்தை ஒட்டிவைத்துக்கொண்டு ஓடுவது, எதிரில் நிற்பவள் எடை எந்தக் காலில் விழுகிறது என்று பார்த்து மறுபக்கம் வெட்டுவது, இதையெல்லாம் உலகம் பார்த்தது உமெயோவில்தான்.

அங்கே மட்டும் அது எப்படிச் சாத்தியமானது? என் கணிப்பு எளிமையானது. ஸ்வீடனின் பெண்கள் லீக் 1988 முதல் நாடு தழுவிய ஒரே முதல் பிரிவாக நின்று நிதானமாக நடந்துகொண்டிருந்தது. மார்த்தா வந்தபோது அதற்கு வயது பதினாறு. பெரிய பணமில்லை, ஆர்ப்பாட்டமுமில்லை. அடுத்த வருடமும் லீக் இருக்கும் என்ற நிச்சயம் மட்டும் இருந்தது. அதே சமயம் அமெரிக்காவில், 2001இல் தடபுடலாகத் தொடங்கிய பெண்கள் லீக் 2003 உலகக் கோப்பை தொடங்க ஒரு வாரம்கூட இல்லாத நேரத்தில் மூடப்பட்டிருந்தது.

அந்த அமெரிக்காவில் 2009இல் இரண்டாவது முயற்சி. டபிள்யூ.பி.எஸ். என்ற புதிய லீக், அதன் விளம்பர முகம் மார்த்தா. லாஸ் ஏஞ்சலிஸ் சோல் அவரை எடுத்தது, ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலர் என்று அப்போதைய செய்திகள் சொல்லின. லீக் ஆட்டங்களில் சோல் முதலிடம், இறுதியில் தோல்வி. சீசன் முடிந்ததும் முதலாளிகள் கையைக் கழுவினார்கள், புதிதாக வாங்க ஆள் வரவில்லை. அடுத்து சான் பிரான்சிஸ்கோ பகுதியின் கோல்டு பிரைடு. கனடாவின் கிறிஸ்டீன் சின்கிளேரும் அதே அணி. லீக்கில் முதலிடம், இறுதியில் 4-0 வெற்றி. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நவம்பரில் அந்த அணியும் இல்லை. 2011 ஜனவரியில் ஐந்தாவது விருதுக்காக மார்த்தா மேடை ஏறியபோது, அவர் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த கிளப் உலகத்திலேயே கிடையாது. அப்புறம் வெஸ்டர்ன் நியூயார்க் ஃப்ளாஷ், அங்கும் கோப்பை. 2012 ஜனவரியில் லீக் நிறுத்தம், மே மாதம் அடக்கம்.

மூன்று சீசன், மூன்று கிளப், மூன்று முறையும் லீக்கில் முதலிடம், இரண்டு முறை கோப்பை. ஒரு ஆட்டக்காரி இதற்கு மேல் என்ன செய்துவிட முடியும்?

இங்கே ஒரு வாதம் வரும், வரட்டும். “அவருக்குக் கொடுத்த சம்பளம்தான் கிளப்புகளைச் சாய்த்தது” என்பார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. மற்ற வீராங்கனைகள் வாங்கியதைவிட அது பல மடங்கு, வாசலில் வரும் டிக்கெட் பணத்துக்குப் பொருந்தாத தொகை. ஆனால் கணக்கை முழுசாகப் போடுவோம். சோல் அணியின் பங்குதாரர்களில் ஒன்று ஏ.இ.ஜி. நிறுவனம். அதே நிறுவனம்தான் அதே கார்சன் மைதானத்தில் ஆடிய லாஸ் ஏஞ்சலிஸ் கேலக்ஸியின் உரிமையாளர். அங்கே டேவிட் பெக்கமின் ஆண்டுச் சம்பளம் 65 லட்சம் டாலர். சரி, கேலக்ஸிக்கு வருமானம் இருந்தது என்பீர்கள். அந்த ஆண்கள் லீக் மட்டும் பிறந்ததிலிருந்தே லாபத்திலா ஓடியது? 2002 தொடக்கத்தில் எம்.எல்.எஸ். என்ற அந்த லீக் நஷ்டம் தாங்காமல் ஃபுளோரிடாவின் இரண்டு அணிகளை மூடியது. மிச்சமிருந்த பத்தில் ஆறு அணிகளை ஃபில் ஆன்ஷுட்ஸ் என்ற ஒரே முதலாளி ஒரு கட்டத்தில் தாங்கிப் பிடித்தார். வருடக்கணக்கில் நஷ்டத்தைச் சகித்தார்கள், லீக் தப்பித்தது. ஏ.இ.ஜி.யே அவருடைய நிறுவனம்தான். ஆண்கள் லீக்குக்குப் பத்து வருடப் பொறுமை, பெண்கள் அணிக்கு ஒரு சீசன். திறமை குறைவு, வேகம் குறைவு, கூட்டம் குறைவு என்ற பேச்செல்லாம் இந்த இடத்தில் எனக்குக் காதில் ஏறுவதில்லை.

அதற்காக, பணத்தைக் கொட்டினால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. தைரெசோ கதை அதற்குத்தான். ஸ்டாக்ஹோம் புறநகர் கிளப். 2012இல் மார்த்தாவை எடுத்தது, அந்த வருடமே கடைசி நாள் ஆட்டத்தில் மால்மோ அணியை 1-0 என்று வென்று ஸ்வீடன் பட்டம். ஸ்பெயினின் வெரோ போகெத்தே, ஸ்வீடனின் கரோலின் செகெர், அமெரிக்காவின் கிறிஸ்டன் பிரெஸ் என்று ஊரிலுள்ள நட்சத்திரங்களையெல்லாம் சேர்த்தார்கள். 2014 மே 22, லிஸ்பனில் ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் இறுதி, எதிரில் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க். முதல் பாதியில் மார்த்தா ஒன்று, போகெத்தே ஒன்று, 2-0. இடைவேளைக்குப் பிறகு வோல்ஃப்ஸ்பர்க் சமன் செய்தது. மார்த்தா மறுபடி அடித்து 3-2. கடைசியில் 4-3 என்று வோல்ஃப்ஸ்பர்க் வென்றது. நான் பார்த்த கிளப் இறுதிகளில் முதல் மூன்றுக்குள் இதை வைப்பேன், ஆண்கள் ஆட்டங்களையும் சேர்த்துத்தான். அந்த இரவு ஆடிய பதினோரு பேருக்கும் தங்கள் கிளப் பணமில்லாமல் தள்ளாடுகிறது என்று தெரியும். கடன் வாங்கி ஊரைக் கூட்டிக் கல்யாணம் நடத்திய வீட்டின் வாசலில் பந்தல் பிரிக்கும் முன்பே கடன்காரர் வந்து நிற்பதுபோல, இரண்டே வாரத்தில் தைரெசோ லீக்கிலிருந்து விலகியது. அந்த வருடம் ஆடியிருந்த ஆட்டங்களின் முடிவுகள்கூட ரத்து. மார்த்தா மால்மோவின் ரூசெங்கோர்டுக்குப் போனார். 2014, 2015 இரண்டு வருடமும் அங்கே பட்டம். சொல்லவே வேண்டாம்.

நம் பக்கம் இதெல்லாம் நடக்காது என்று யாராவது நினைத்தால், 2023ஐ நினைவுபடுத்துகிறேன். கேரளா பிளாஸ்டர்ஸின் ஆண்கள் அணி, பெங்களூரு அணிக்கு எதிரான ஐ.எஸ்.எல். ஆட்டத்தில் பாதியில் மைதானத்தைவிட்டு வெளியேறியது. நான்கு கோடி ரூபாய் அபராதம். அதைக் காரணம் காட்டி கிளப் நிறுத்திவைத்தது எதைத் தெரியுமா? பெண்கள் அணியை. வெளியேறியவர்கள் தொடர்ந்து ஆடினார்கள்.

தேசிய அணிக் கதை எல்லோருக்கும் தெரியும், வேகமாகக் கடக்கிறேன். ஆறு உலகக் கோப்பைகள், 17 கோல்கள். ஆண், பெண் இருபாலிலும் அதுதான் உச்சம், ஜெர்மனியின் குளோசே 16. உலகக் கோப்பை மட்டும் கையில் வரவில்லை. 2007 இறுதியில் அவர் அடித்த பெனால்டியை ஜெர்மனியின் ஆங்கெரர் தடுத்தார். ஒலிம்பிக் வெள்ளி மூன்று முறை. 2019இல் தன் காலணிகளில் எந்த நிறுவனச் சின்னமும் இல்லாமல், சமத்துவக் குறி மட்டும் போட்டு ஆடினார். ஆண்களுக்குத் தரும் தொகைக்குப் பக்கத்தில்கூட வராத ஒப்பந்தங்களை வேண்டாம் என்றுவிட்டார். அந்த உலகக் கோப்பையில் பிரான்ஸிடம் தோற்றபின் கேமராவைப் பார்த்துப் பேசினாரே, மார்த்தாவும் ஃபொர்மிகாவும் கிறிஸ்தியானேவும் என்றைக்கும் இருக்கப்போவதில்லை என்று? அதை இங்கே எல்லோரும் தன்னம்பிக்கை வீடியோவாகப் பகிர்கிறார்கள். எனக்கு அது ஒரு புகார் மனுவாகத்தான் கேட்கிறது. ஒரு நாட்டின் ஆட்டத்தை மூன்று பேர் தோளில் எத்தனை நாள் சுமப்பது என்று கேட்கிறார்.

2017இல் ஆர்லாண்டோ பிரைடு. இன்றுவரை அங்கேதான். இது அமெரிக்காவின் மூன்றாவது லீக், 2013இல் தொடங்கியது. முதலிரண்டு செத்தும் இது பிழைத்ததற்கு முக்கியமான காரணம், ஆரம்ப வருடங்களில் தேசிய அணி வீராங்கனைகளின் சம்பளத்தைக் கால்பந்துக் கூட்டமைப்பே ஏற்றுக்கொண்டது, கிளப்புகள் சின்னதாக, சிக்கனமாகத் தொடங்கின. 2022இல் மார்த்தாவுக்கு முழங்காலில் தசைநார் கிழிந்து ஒரு சீசன் முழுக்கப் போனது. முப்பத்தாறு வயது. இது 2010ஆக இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். இப்போது திரும்பி வருவதற்கு ஒரு கிளப் இருந்தது. வந்தார். 2024இல் ஆர்லாண்டோ முதல் 23 லீக் ஆட்டங்களில் தோற்கவே இல்லை. அரையிறுதியில் கன்சாஸ் சிட்டிக்கு எதிராகத் தடுப்பாட்டக்காரிகளையும் கோல்கீப்பரையும் வெட்டிக்கொண்டு போய் அவர் அடித்த கோலைத் தேடிப் பாருங்கள், வயது 38. இறுதியில் வாஷிங்டனை 1-0 என்று வென்று கோப்பை. எட்டு சீசன் ஒரே கிளப்பில் இருக்கவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி?

அடுத்த பெண்கள் உலகக் கோப்பை 2027இல், பிரேசிலிலேயே. அப்போது மார்த்தாவுக்கு 41. ஆடுவாரா மாட்டாரா என்று இப்போதே பந்தயம் கட்டுகிறார்கள். தென்னமெரிக்க நாடுகளின் 2025 கோபா அமெரிக்கா இறுதியில் கொலம்பியாவுக்கு எதிராக மாற்று ஆளாக இறங்கி, தோல்வி உறுதி என்றிருந்தபோது, தொண்ணூறு நிமிடம் தாண்டிய கடைசி நொடிகளில் சமன் செய்த ஆள், எதையும் சொல்ல முடியாது. ஆனால் என் கவனம் அங்கே இல்லை. சாந்தோஸுக்கு 2009இல், தென்னமெரிக்க கிளப்புகளுக்கான முதல் மகளிர் லிபர்ட்டடோரெஸ் கோப்பையைக் கொண்டுவந்தது மார்த்தா இருந்த அணி. 2012 தொடக்கத்தில் அதே சாந்தோஸ் செலவைக் காட்டி அந்த அணியைக் கலைத்தது. இப்போது ஆண்கள் லிபர்ட்டடோரெஸில் ஆட வேண்டுமானால் பெண்கள் அணி வைத்திருக்க வேண்டும் என்று 2019 முதல் தென்னமெரிக்கக் கூட்டமைப்பின் விதி இருக்கிறது. அணி இருக்க வேண்டும் என்கிறதே தவிர, அந்த அணிக்கு என்ன செலவு செய்ய வேண்டும் என்று அது கிளப்பின் சட்டையைப் பிடித்துக் கேட்பதில்லை. உலகக் கோப்பைக் கூட்டமெல்லாம் வீடு திரும்பி, விளம்பரதாரர்களும் கிளம்பிய பிறகு, 2028 ஜனவரியில் பிரேசிலின் எந்தெந்த கிளப் எத்தனை பெண்களுக்கு முழுநேர ஒப்பந்தம் போடுகிறது என்பதைத்தான் நான் பார்க்கப்போகிறேன்.