ஒரு தேதியை எழுத்தாக்க இவ்வளவு பாடா?

சி நிரல்மொழியில் தேதியை எழுத்தாக மாற்ற ஸ்ட்ரெஃப்டைம் ஃபங்ஷனைத்தான் நம்பியிருக்கிறோம். அதில் சதவீதக் குறிக்குப் பின் சின்ன எம் போட்டால் மாதம், பெரிய எம் போட்டால் நிமிடம். நேற்று மாற்றிப் போட்டுவிட்டேன். இரண்டுமே செல்லுபடியாகும் குறிகள் என்பதால் நிரலை மொழிபெயர்த்துப் பிழை சொல்லும் கம்பைலர் வாயே திறக்கவில்லை. ஓட்டிப் பார்த்தபோது மணி 9:07. மாதம் 07 என்று வந்ததும் நானும் நம்பிவிட்டேன். அப்புறம் நிரலின் பதிவேடான லாகில் 48ஆம் மாதம்! அரைநாள் போனது.

சரி, இதையாவது பழகிக்கொள்ளலாம். விடையை எழுத ஒதுக்கிய இடமான பஃபர் போதாவிட்டால், எழுதிய எழுத்துகளின் எண்ணிக்கைக்குப் பதில் 0 திரும்புகிறது. முற்பகல், பிற்பகலுக்கான சின்ன பி சில லொகேல்களில் (மொழி, நாட்டுக்கான அமைப்புகளில்) வெறுமையாக வரும். அதை மட்டும் கேட்டால் அப்போதும் அதே 0தான். இது பிழையா, சரியான விடையா? அந்த எண்ணை வைத்து எப்படிப் பிரித்தறிவது?