பழைய ஃபிளாட்டுக்கு 10 சதவீதம் பத்தாது

பழைய வீட்டை வாங்கிச் சீரமைத்து விற்பவர்கள் எதிர்பாராத செலவுக்குச் சீரமைப்பு பட்ஜெட்டில் 10 சதவீதம் ஒதுக்கினால் போதும் என்கிறது ஒரு கட்டுரை. சென்னையில் 30 வருட ஃபிளாட் என்றால் 20 சதவீதமாவது வையுங்கள். பாத்ரூம் டைல்ஸைப் பெயர்த்த பிறகுதான் துருப்பிடித்த ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) கண்ணில் படும்.

வங்கியின் சீரமைப்புக் கடன் பெரும்பாலும் வேலை நடக்க நடக்கத் தவணையாகத்தான் வரும். முதல் கட்டச் செலவு கையில் இருக்கணும்.

வாட்டர்ப்ரூஃபிங் பில்லில் மட்டும் கறாராக இருங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே நஹானி ட்ராப்பை (தரையில் தண்ணீர் வெளியேறும் துளை) அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் தேக்கி, 48 மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டு சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால்தான் கான்ட்ராக்டருக்குப் பணம். ஒட்டிய பிறகு கசிந்தால் உடைக்கிற கூலி, புது டைல்ஸ், கீழ்வீட்டு பெயின்ட் எல்லாமே உங்கள் லாபத்தில்தான் கைவைக்கும்.