கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் போதுமா? உண்மை விளக்கம்

"பழைய கார் ஏசியில் கம்ப்ரஸர் (கேஸை அழுத்தி ஓட்டும் பம்ப்) போனால் அதை மட்டும் மாற்றி கேஸ் அடித்தால் போதும், டிரையர், ஃப்ளஷ் எல்லாம் காசு பிடுங்கும் வேலை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வடசென்னையில் வியாசர்பாடி, மூலக்கடைப் பக்கம் சுற்றுகிறது. தவறு.

ஜாம் ஆன கம்ப்ரஸர் சும்மா நிற்பதில்லை. தேய்ந்த உலோகத் துகள் ஆயிலோடு கலந்து, சூட்டை வெளியே தள்ளும் கண்டென்ஸர், கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு வரை போயிருக்கும். கழற்றிய ஹோஸுக்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். கறுப்பாக, மினுமினுப்போடு வந்தால் அந்தக் குப்பை புது கம்ப்ரஸரையும் தின்றுவிடும். அதற்குத்தான் உள்ளே கழுவி எடுக்கும் ஃப்ளஷ். மெல்லிய துளைகள் கொண்ட கண்டென்ஸர் ஃப்ளஷுக்கும் மசியாது, மாற்றுவதே நல்லது.

டிரையருக்குள் இருப்பது ஈரம் உறிஞ்சும் மணிகள். லைனை, அதாவது கேஸ் ஓடும் குழாயைத் திறந்து போட்டால் அவை காற்றின் ஈரத்தைக் குடித்தே தீர்ந்துவிடும், காசிமேட்டுக் கடல் காற்றில் கேட்கவா வேண்டும்! உள்ளே தங்கும் ஈரம் அமிலமாகி அரிக்கும். எனவே புது டிரையர், அப்புறம் உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க அரை மணி நேரமாவது வேக்யூம், பிறகே ஆர்-134ஏ கேஸ்.

சரி, கம்ப்ரஸரை இன்ஜின் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்சின் மின்சுருளான கிளட்ச் காயில் மட்டும் எரிந்திருந்தால்? பல வண்டிகளில் லைனைத் திறக்காமலே மாற்றலாம். அதைச் சோதிக்காமல் கம்ப்ரஸருக்கு விலை சொல்பவரிடம் தாராளமாகச் சண்டை போடலாம்.