ஸ்கேன் சுத்தம் என்றால் பீடி தொடரலாமா?

குளச்சல், தக்கலைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "வருடம் ஒரு முறை நுரையீரல் ஸ்கேன் எடுத்தால் போதும், பீடியை விட வேண்டியதில்லை." இது தவறு.

குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் பயனுள்ளதுதான். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இந்த ஸ்கேன் எடுத்த நெடுநாள் புகைப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம், மார்பு எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட 20 சதவீதம் குறைந்தது. மீதி 80 சதவீத மரணங்கள்? அதைத்தான் அந்தச் செய்தி விழுங்கிவிட்டது. ஸ்கேன் கட்டியைத் தேடுகிறதே தவிர, வராமல் தடுப்பதில்லை. மாரடைப்பையோ பக்கவாதத்தையோ அது தடுப்பதும் இல்லை.

டீக்கடை பெஞ்சில் பாருங்கள். பீடி அணைந்துவிடும் என்று அடிக்கடி இழுத்துக்கொண்டே இருப்பார்கள். சிகரெட்டைவிட அதிக இழுப்பு. மடியில் பீடிக்கட்டு இருக்கும்வரை நேற்றைய ரிப்போர்ட் நாளைக்குச் செல்லாது.

அதனால்தான் பரிசோதனையோடு, விடுவதற்கான உதவியையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். ஸ்கேனுக்குப் போகிறவர் ஏற்கெனவே பயந்துதான் போகிறார். பேச அதைவிட நல்ல நேரம் ஏது? ஆலோசனையோடு நிகோடின் சூயிங்கம்மோ, தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையோ சேர்ந்தால் விடுவது எளிதாகிறது. தேசியக் கட்டணமில்லா எண் 1800-11-2356. விட்டு 10 ஆண்டுகளில் நுரையீரல் புற்றுநோய் அபாயம் ஏறக்குறைய பாதியாகிறது.

சளியில் இரத்தம் வந்தால் மட்டும் அடுத்த ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.