"புதுசு வாங்கு" என்பது பதில் இல்லை

காசு கொடுத்து வாங்கிய பழைய கம்ப்யூட்டர் கேம் புது லேப்டாப்பில் ஓடவில்லை என்று சனிக்கிழமை அதன் சிடியைப் போட்டோ எடுத்துப் போட்டேன். அதற்கு வந்த கமெண்டுகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "பழைய கேம் ஓடலைன்னு இவ்வளவு அழுகையா, புதுசு வாங்குங்க" என்று ஒருவர். அதற்கு நாற்பது பேர் சிரிப்பு. நான் அழவில்லை. காசு கொடுத்து வாங்கியது ஓட வேண்டும் என்று கேட்டேன்.

2006இல் அப்பா 599 ரூபாய்க்கு வாங்கித் தந்த ஒரிஜினல் அது. பஜாரில் 50 ரூபாய்க்குக் காப்பி கிடைத்த காலம். அட்டையில் சீரியல் நம்பர் மங்கத் தொடங்கியதும் தம்பி அதன் மேலேயே நீலப் பேனாவால் எழுதிவைத்தான். இன்றும் படிக்க முடிகிறது. லீவில் வந்தவன் அதைத் தேடி எடுத்தான். லேப்டாப்பில் சிடி டிரைவே கிடையாது, தனியாக ஒன்று வாங்கினோம். இன்ஸ்டால் ஆனது. திறந்தால் "சிடியைப் போடவும்" என்கிறது. சிடி உள்ளேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது!

சிடி ஒரிஜினல்தானா என்று சோதிக்கும் பூட்டு அது, பெயர் சேஃப்டிஸ்க். அதை இயக்கும் டிரைவர் என்ற சின்ன மென்பொருளைப் புதிய கணினிகள் ஏற்பதில்லை. பாதுகாப்பு என்பீர்கள். சரி, அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்தது உண்மை, விண்டோஸ் 10 அதைக் கைவிட்டது தப்பில்லை. ஆனால் பூட்டைப் போட்டவர்கள் அதைக் கழற்றிக் கொடுத்திருக்கலாமே?

"டெக்னாலஜி மாறினால் அப்படித்தான்" என்று பாடம் எடுத்த நண்பருக்கு: சோனியின் கேம் மெஷினான பிளேஸ்டேஷன் 2இல் முதல் பிளேஸ்டேஷனின் கேம்கள் ஓடின. 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3இன் ஆரம்ப மாடல்களில் 2இன் சிப்பையே உள்ளே வைத்திருந்தார்கள், அப்புறம் எடுத்துவிட்டார்கள். பிளேஸ்டேஷன் 4இல் 3இன் டிஸ்க் ஓடாது, பிராசஸர் வேறு. மைக்ரோசாஃப்டின் கேம் மெஷின்களான எக்ஸ்பாக்ஸ் 360க்கும் அடுத்து வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் கூடப் பிராசஸர் வேறுதான். ஆனாலும் 2015இலிருந்து பழைய மெஷினைப் போல நடிக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருள் வழியாக நூற்றுக்கணக்கான எக்ஸ்பாக்ஸ் 360 கேம்களைப் புதியதில் ஓடவைத்தார்கள். எல்லாவற்றையும் இல்லை. ஆனால் காசு கொடுத்தவனை நினைத்துப் பார்த்தார்கள்.

"கிராக் போடுங்க", அதாவது பூட்டை உடைத்த ஃபைலைப் போடுங்கள் என்றவர் மேல்தான் எனக்கு வருத்தம். அவர் சொன்னது வேலை செய்யும் என்பதால்தான் வருத்தம். அந்த 50 ரூபாய் காப்பியில் பூட்டை உடைத்திருப்பார்கள், இன்றைக்கும் ஓடியிருக்கும். சம்பளத்தில் பிடித்து அப்பா கொடுத்த 599 ஓடவில்லை. திருட்டு சிடி வேண்டாம் என்று எங்களுக்குச் சொன்ன மனுஷன் அவர். அவரிடம் போய் இப்போது என்ன சொல்ல?

தம்பி வெள்ளிக்கிழமை தோஹா கிளம்புகிறான். மதுரையில் யார் வீட்டிலாவது இந்தப் பூட்டை ஏற்கும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிற, சிடி டிரைவ் வேலை செய்கிற பழைய கணினி இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து விளையாடிவிட்டு வந்துவிடுகிறோம்.