எழுதுகிற மாதிரியே படிக்கிறோமா?

அந்த மேடைப் பேச்சைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. "தமிழை எழுதுகிற மாதிரியே படிக்கிறோம், 247 எழுத்துக்கும் 247 ஒலியைப் பதிந்து வைத்தால் கணினி பேசிவிடும்" என்றதும் அத்தனை கைதட்டல். இல்லைங்க. எழுதுகிற மாதிரி நாம் படிப்பதில்லை.

பக்கம், பங்கம், பகல். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரே ககரம், மூன்று ஒலி. இரட்டித்தால் அழுத்தம், மெல்லினத்துக்குப் பின்னால் அதிர்வு, இரண்டு உயிருக்கு நடுவே தேய்வு. இது நம் நாக்குக்கே தெரியும் என்பதால் எழுத்து சொல்லாமல் விட்டது. அது குறையில்லை, சிக்கனம். ஆனால் கணினிக்கு நாக்கு இல்லையே.

விதி எழுதிக் கொடுத்தாலும் தீராது. 'அன்பு' என்பதில் பகரம் அதிர்கிறது. 'முன்பக்கம்' என்பதிலும் அதே ன், அதே ப, ஆனால் அதிர்வதில்லை. அங்கே இரண்டு சொல் ஒட்டியிருக்கிறது, அதை முதலில் பிரிக்கத் தெரிய வேண்டும். 'பாட்டில்' என்றால் பாடலுக்குள்ளா, தண்ணீர் பாட்டிலா? முதல் ஒலியே மாறுகிறது. முழு வாக்கியத்தையும் பார்க்காமல் வாயைத் திறக்கவே முடியாது.

"குழந்தை எந்த விதியும் படிக்காமல் வாசிக்கிறதே" என்பீர்கள். அது பேசத் தெரிந்த பிறகுதான் எழுத்துக்கு வருகிறது. "அப்படியானால் புது எழுத்து சேர்க்கலாமே?" வேண்டவே வேண்டாம்.

"இப்போது செயற்கை நுண்ணறிவு மாடல் தானே கற்றுக்கொள்ளும்" என்பவர்களுக்கு: கற்கும், ஒலியும் எழுத்தும் பொருந்திய தரவு இருந்தால். அங்கேதான் வயிறு எரிகிறது. பேச்சைக் கேட்டு எழுதும் கணினியைச் சோதிப்பதையே பாருங்கள். ஒலியில் 'வந்துட்டிருக்கேன்' என்று தெளிவாகக் கேட்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க மனிதர் கேட்டு எழுதிய மூலப்படியிலும் அப்படியே ஒரே சொல். கணினி 'வந்துட்டு இருக்கேன்' என்று பிரித்து எழுதினால், ஒரு சொல் மாறியது, ஒன்று கூடியது என்று 2 பிழை. ஒரு சொல்லுக்கு 200 சதவீதம்! அது எதையும் தப்பாகக் கேட்கவேயில்லை. இதையாவது, சேர்த்து எழுதுவதா பிரிப்பதா என்று முன்கூட்டியே முடிவு செய்து சரிக்கட்டலாம்.

ஆனால் மூலப்படி எழுதுபவர்கள் 'கொச்சையாக இருக்கிறது' என்று அதை 'வந்துகொண்டிருக்கிறேன்' ஆக்கிவிடுகிறார்களே, அதை என்ன செய்வது? பேசியவர் வாயில் வராத 'கொண்டு' ஒலிக்கோப்பில் எந்த நொடியில் இருக்கிறது? கணினி தேடுகிறது, கிடைக்காமல் பக்கத்து ஒலியில் ஒட்டிவைக்கிறது, அதையே உண்மை என்று கற்கிறது. வீட்டில் நாம் பேசுகிற தமிழ் அது. அதைப் பிழை என்று அடித்துத் திருத்த எப்படி மனசு வருகிறது?

கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். எழுத்துத்தமிழ் வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொரு பத்தியில் வையுங்கள்.