கேமராவை ஆன் பண்ணுங்க, பாதுகாப்பா இருங்க

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவனுக்கு இன்றைக்கு இரண்டு மணி நேரம் நேரலைப் பாதுகாப்புப் பயிற்சி. கேமரா கட்டாயம். முதல் பத்து நிமிடம் "நான் பேசறது கேக்குதா?" என்பதிலேயே போயிற்று. அப்புறம் தீயணைப்பான்: பின்னை இழு, தீயின் அடியைக் குறி வை, பிடியை அழுத்து, இப்படியும் அப்படியும் அசை. நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் அறையில் தீயணைப்பானே இல்லையே! இழுப்பதற்கு இருப்பது மேசை டிராயர் மட்டும். "உங்கள் தளத்தில் அவசர வழி எது?" என்று வேறு கேள்வி. வாசல் கதவு என்று சாட்டில் போட்டேன். ஒரு கட்டைவிரல் வந்தது.

எனக்குத் தேவையானது கடைசி மூன்று நிமிடத்தில் பறந்தது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டுமாம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளியிருக்கும் எதையாவது 20 விநாடி பார்க்க வேண்டுமாம். சரி என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். உடனே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "கொஞ்சம் கவனிங்க சார்!"

இடுப்பு வலியோடு சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்தபடி, சரியாக உட்காரும் முறைக்கான தேர்வில் பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறேன். நல்ல நாற்காலி எப்போது வரும் என்று கேட்டேன். அதற்கு மட்டும் யாரும் அன்மியூட் செய்யவில்லை.